அம்பையின் குளிர்ச்சி யார் தந்தது?



இன்றைக்கு நான் உரத்தைப் பற்றியோ புகையானைப் பற்றியோ பேச வரவில்லை. ஓர் ஊரைப் பற்றிப் பேசப் போகிறேன். ஊர்ப் பெருமை பேச உழவர் நேரம்தானா கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். பேச்சு போகிற போக்கில், இது உங்கள் வயல் விஷயம்தான் என்று தெரிந்துவிடும்.

ஊர், திருநெல்வேலிச் சீமையில் உள்ள அம்பாசமுத்திரம். நம்ம ஆட்கள் வாயில் அம்பை. தாமிரபரணி மலையை விட்டுப் பாபநாசத்தில் இறங்கி, சமவெளியில் கால் வைத்ததும் வருகிற முதல் ஊர்களில் ஒன்று. ஆற்றுக்கு வடகரையில் அம்பை, தென்கரையில் கல்லிடைக்குறிச்சி. கடலே இல்லாத ஊருக்குச் சமுத்திரம் என்று எப்படிப் பேர் வந்தது என்று கேட்க வேண்டாம். பெரிய நீர்நிலையைச் சமுத்திரம் என்று சொல்லிப் பெருமைப்படுவது நம் முன்னோர் வழக்கம். அந்தப் பக்கம் போனால் கோபாலசமுத்திரம், இரவணசமுத்திரம், ரங்கசமுத்திரம் என்று ஏகப்பட்ட சமுத்திரங்கள் உண்டு.

வேலை ஓய்வு பெற்றவர்கள் பலருக்கு அம்பைப் பக்கம் ஒரு வீடு வாங்க வேண்டும் என்று ஆசை. காரணம் கேட்டால் இரண்டே வார்த்தை: "நல்ல தண்ணி, நல்ல காத்து." வாஸ்தவம்தான். ஆனால் இந்தத் தண்ணீரும் காற்றும் மலை கொடுத்த வரம், இயற்கை கொடுத்த கொடை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மலை கொடுத்தது பாதி. மீதிப் பாதியை உண்டாக்கியவன் சம்சாரி. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் மலை கொடுத்ததைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தை வாரிக்கொண்டு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. காற்று மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்ததும் மழையாகக் கொட்டிவிடுகிறது. கொட்டுவதெல்லாம் பெரும்பாலும் கேரளப் பக்கமும் மலை உச்சியிலும்தான். நம் பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் குறைந்துபோய் இருக்கும். அடிவாரத்து ஊர்களுக்கு மட்டும் தூவானமாக மிச்சம் மீதி வந்து விழும். அதற்குப் பேர்தான் சாரல். மலையை விட்டுக் கிழக்கே போகப் போக அந்தச் சாரலும் இல்லை, வறண்ட மேல்காற்றுதான். அதனால்தான் ஆனி ஆடியில் பாளையங்கோட்டைக்காரர் வேர்த்து விறுவிறுத்துக் கொண்டிருக்கும்போது, பாபநாசத்துக்காரர் துண்டைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு நடக்கிறார். இரண்டு ஊருக்கும் நடுவே 50 கிலோமீட்டர்கூட இருக்காது.

ஐப்பசி கார்த்திகையில் நிலைமை மாறுகிறது. வடகிழக்குப் பருவமழை கிழக்கேயிருந்து வந்து அதே மலையில் மோதுகிறது. இந்த முறை மழை நம் பக்கத்துக்கு. ஆக மலை உச்சிக்கு இரண்டு பருவமும் மழை. தாமிரபரணி வற்றாத ஆறு என்று பேர் வாங்கினதற்கு இதுதான் காரணம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வது வரை சுமார் 128 கிலோமீட்டர்; முழுக்க முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. பக்கத்து மாநிலத்துக்காரனிடம் தண்ணீர் கேட்டு நிற்க வேண்டிய சங்கடம் இந்த ஆற்றுக்கு இல்லை. காவிரிக் கரைக்காரர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள்.

இரண்டு மழைக்கும் ஏற்ற மாதிரி இரண்டு போகம். சாரல் தண்ணீரில் கார் சாகுபடி. அடைமழைத் தண்ணீரில் பிசானம். "கார்", "பிசானம்" என்ற சொற்கள் திருநெல்வேலிக்காரர்களுக்குப் பாடம். தஞ்சாவூர்க்காரருக்குக் குறுவை, தாளடி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். அவ்வளவு சரியாகப் பொருந்தாது, பரவாயில்லை.

இங்கே நெல் எவ்வளவு பழமை என்று கேட்டால், அம்பை எரிச்சாவுடையார் கோயிலில் கிடைத்த ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டைச் சொல்ல வேண்டும். 9ஆம் நூற்றாண்டு, வரகுண பாண்டியன் காலம். அப்போது இந்த ஊருக்கு இளங்கோக்குடி என்று பேர். அரசன் தொண்டை நாட்டில், பெண்ணையாற்றங்கரையில் அரைசூரிலே தங்கியிருக்கிறான். அங்கிருந்துகொண்டு இந்த ஊர்க் கோயில் பூசைக்கு 290 காசு கொடுக்கிறான். காசை ஊர்ச் சபையார் கையில் கொடுத்து, முதல் குறையாமல் வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்யச் சொல்கிறான். வட்டி பணமாக இல்லை, நெல்லாக. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம். 290 காசுக்கு 580 கலம் நெல்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வடக்கே தூரத்தில் இருக்கிற அரசன், இந்த ஊர் சபை வருஷா வருஷம் தவறாமல் 580 கலம் அளக்கும் என்று நம்பிக் காசைக் கொடுத்திருக்கிறான். மழை பெய்தால் பார்ப்போம், பெய்யாவிட்டால் அடுத்த வருஷம் என்கிற ஊரிடம் யாரும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். இன்றைக்கு வங்கிக்காரர் கடன் கொடுக்குமுன் கிணற்றை எட்டிப் பார்க்கிறார் இல்லையா, அது மாதிரிதான். 1,100 வருஷத்துக்கு முன்னாலேயே அம்பையின் விளைச்சலுக்கு அப்படி ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது.

சரி, ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, வயல் மேட்டில் இருக்கிறது. தண்ணீர் எப்படி ஏறியது? அணைக்கட்டு மூலமாக. மேலேயிருந்து எண்ணிக் கொண்டு வாருங்கள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர். இந்த ஏழும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னாலேயே இருந்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுதான் 1870களில் வெள்ளைக்காரர் ஆட்சியில் கட்டி முடிக்கப்பட்டது. எட்டு அணைக்கட்டும் சேர்ந்து பாயும் பரப்பு ஏறத்தாழ 86,000 ஏக்கர்.

அணைக்கட்டு என்றதும் மேட்டூர் மாதிரி பெரிய சுவரை நினைக்காதீர்கள். இவை தாழ்வான கல் கட்டுகள். சாதாரணத் தண்ணீரைக் கால்வாய்ப் பக்கம் திருப்பி விடும். வெள்ளம் வந்தால் தலைக்கு மேலே போக விட்டுவிட்டுச் சும்மா இருக்கும். ஆற்றோடு மல்லுக்கு நிற்கிற வேலை இல்லை. திருநெல்வேலிக் குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் இருக்கிறதே, அதுவும் இந்தப் புத்திதான். வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரை மேட்டில் உள்ள கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கற்கோயில் மூழ்கும், வெள்ளம் வடியும், கழுவி விட்டுப் பூசையைத் தொடங்குவார்கள்.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை சொல்லுவாங்க. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரிக்கு நிறையப் பொன் கிடைத்ததாம். அதைத் தருமத்தில் செலவழிக்க நினைத்து, அகத்தியரைத் தேடிப் போனானாம். அவர் சொன்னாராம்: ஒரு பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு போ, அது போகிற வழியெல்லாம் கால்வாய் வெட்டு, கோமியம் விடுகிற இடத்தில் மடை வை, படுக்கிற இடத்தில் குளம் தோண்டு. இப்படித்தான் கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை வழியாகக் கால்வாய் வந்தது என்பது கதை. கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். மேய்ச்சல் மாடு மேட்டில் ஏறி இறங்கி அலையாது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தை ஒட்டித்தான் தடம் போடும். மலைச்சரிவில் மாட்டுத் தடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கால்வாய் வெட்டுகிறவனுக்கு வேண்டியதும் அந்த மட்டம்தானே! மட்டப்பலகைக் கணக்கை யாரோ ஒரு கெட்டிக்காரர் மாட்டின் மேல் ஏற்றிச் சொல்லியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

கால்வாய் வயலுக்குத்தான் வெட்டினார்கள். ஆனால் அது ஊரைத் தொட்டுக்கொண்டும் போனது. வழியில் படித்துறை வந்தது. கரையில் மருதும் புளியும் இலுப்பையும் வளர்ந்தன. சின்னப் பிள்ளைகள் நீச்சல் பழகியது ஆற்றில் இல்லை, கால்வாயில். அப்பளம் போடுகிறவரும் பாய் நெய்கிறவரும் இந்தத் தண்ணீரை நம்பித் தொழில் செய்தார்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைச் சொல்லவே வேண்டாம். பத்தமடைப் பாய்க்குக் கோரையை ஆற்றுத் தண்ணீரில்தான் ஊறப் போடுவார்கள். ஊறினால்தான் மெல்லிசாகக் கிழிக்க வரும்.

இப்போது காற்றுக்கு வருவோம். வயலுக்கும் குளிர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பானை கசிகிறது; கசிந்த நீர் ஆவியாகிறது; ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. நெல் வயல் ஒரு பெரிய மண்பானை. நடவு முடிந்து பச்சை பிடித்த வயலிலிருந்து, நல்ல வெயில் நாளில் இலை வழியாகவும் நீர்ப்பரப்பு வழியாகவும் 5 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாகலாம். 5 மில்லிமீட்டர் என்றால் சின்னதாகத் தெரிகிறது. ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி இரண்டு நிறைய. ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஏக்கர் வயல் இருந்தால், தினமும் எத்தனை நூறு லாரித் தண்ணீர் அந்த ஊர்ச் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது? எந்த ஏசி இயந்திரத்தால் முடியும் இது? அதற்கு மின்சாரக் கட்டணமும் கிடையாது.

சந்தேகம் இருந்தால் கோடையில் கால்வாய் அடைப்பு போட்டிருக்கும்போது அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். வயல் வெடித்துக் கிடக்கும். மலை அங்கேயேதான் இருக்கும், ஆற்றிலும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். ஆனாலும் அனல் அடிக்கும். மலை மட்டும் குளிர்ச்சியைக் கொடுத்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆற்றில் குளிப்பதைப் பற்றிச் சொல்லாமல் அம்பையைப் பற்றிப் பேச முடியாது. நம் ஜனங்களுக்குப் பொழுதுபோக்கு என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. குளியலே பொழுதுபோக்கு. ஆடி அமாவாசைக்குக் காட்டுக்குள்ளே சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வண்டி கட்டிப் போவதும், சித்திரை விசுவுக்குப் பாபநாசத்தில் மூழ்கி எழுவதும், சாரல் காலத்தில் அகத்தியர் அருவிக்குப் போவதும்தான் சம்சாரிக்குத் தெரிந்த உல்லாசப் பயணம். எண்ணெய் தேய்த்துத் தலை முழுகிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். பாதிக் கல்யாணம் படித்துறையில்தான் பேசி முடிந்திருக்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்துப் படித்துறை எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. இன்ன சாதிக்கு இன்ன துறை என்று இருந்தது. வயலில் இறங்கி நாற்று நட்டவர்களுக்கும் மடை திறந்து விட்டவர்களுக்கும் கீழ்த் துறைதான். மடைக்குடும்பன், நீர்ப்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பேர் மாறினாலும், இரவில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க் கரையில் நடந்தவர்கள் அவர்கள். அந்த ஊர்க் குளிர்ச்சியில் அவர்கள் உழைப்பு உண்டு. ஆனால் அவர்களுக்குப் படியில் இடம் இல்லாமல் இருந்தது. பழைய பெருமை பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இன்னொன்று, ஆறு விளையாட்டுச் சாமான் இல்லை. விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தினார். அந்தக் குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டார்கள் என்று நாடே கொந்தளித்தது தனிக்கதை. 1925 ஜூன் மாதம் பாபநாசத்துக்கு மேலே, கல்யாண தீர்த்தத்தில் அவருடைய மகள் சுபத்திரை நீரில் சிக்கிக்கொண்டாள். காப்பாற்றப் பாய்ந்த ஐயரும் திரும்பவில்லை. லண்டனில் போலீசார் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பி வந்த மனிதர் அவர். நம்ம ஊர்ச் சுழலில் முடிந்து போனார். பாறை நடுவே தண்ணீர் அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் அடியில் குடைவு இருக்கும். மேலே மின்நிலையம் இருப்பதால் தண்ணீரை எந்த நேரத்திலும் கூட்டியும் குறைத்தும் விடுவார்கள். ஆகவே வெளியூரிலிருந்து போகிறவர்கள் உள்ளூர்க்காரரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. வெட்கப்படாமல் கேளுங்கள். "அண்ணாச்சி, இங்கே இறங்கலாமா?" என்று ஒரு வார்த்தை; சொல்லிவிடுவார்கள்.

மின்நிலையம் என்றேன். 1880களில் ஹார்வி சகோதரர்கள் என்ற வெள்ளைக்காரர்கள் பாபநாசத்துக்கு வந்தார்கள். அருவி விழுகிற வேகத்தைப் பார்த்தார்கள். நாம் குளிக்கிற தண்ணீரை அவர்கள் சக்கரம் சுற்றுகிற தண்ணீராகப் பார்த்தார்கள். விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை எழுந்தது. வயல் வேலை இல்லாத நாளில் கூலி இல்லாமல் கிடந்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்று தெரிய வந்தது அதற்குப் பிறகுதான். பிறகு ரயில் வந்தது. காரையாற்றில் பாபநாசம் அணை வந்தது, 143 அடி. 1944ல் பாபநாசம் மின்நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. 1958ல் மணிமுத்தாறு அணை, 118 அடி. மின்சாரத்துக்குச் சக்கரம் சுற்றின தண்ணீர் மறுபடி ஆற்றுக்கே வந்துவிடுகிறது. அதனால்தான் நல்ல கோடையில்கூட அகத்தியர் அருவியில் தண்ணீர் விழுகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. அருவி வற்றாததற்கும் அகத்தியரையே காரணம் சொல்லி விடுகிறார்கள்.

நமக்கு நேரடியாக உதவிய ஒன்றைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. 1937ல் அம்பையில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே 1986ல் வெளியிட்டதுதான் ஏ.எஸ்.டி.16. ஆடுதுறை 31ஐயும் கோ 39ஐயும் ஒட்டுச் சேர்த்து எடுத்த ரகம். நம்ம சம்சாரிகள் வாயில் அம்பை 16. குட்டையான, பருத்த அரிசி. 110 நாள், 115 நாளில் அறுவடை. கார் போகத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. சென்னையிலும் மதுரையிலும் ஓட்டலில் பஞ்சு மாதிரி இட்லி சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது இந்த ஊர் நெல் என்று தெரியும்!

இந்த ஆறு கோபித்துக்கொண்ட நாட்களும் உண்டு. 1992 நவம்பர் 13. மணிமுத்தாற்றுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக் காக்காச்சியில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டர் மழை. அந்தத் தண்ணீரெல்லாம் ஒரே மூச்சில் கீழே வந்தது. அம்பை முதல் திருநெல்வேலி வரை கரையோரம் தூங்கிக் கொண்டிருந்தவர்களை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இந்த முறை மலையில் மட்டும் இல்லை, சமவெளியிலும் கடற்கரையிலும் சேர்த்துக் கொட்டியது. குளங்கள் உடைந்தன, கால்வாய்க் கரைகள் அறுந்தன, நட்ட பயிர் மணலுக்கு அடியில் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நடுவழியில் நின்றுவிட்டது.

இரண்டு வெள்ளத்திலும் மழையின் அளவுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் வெள்ளம் பரவி நிற்க முன்பு வயல் இருந்தது. நெல் வயலில் வரப்பு அளவுக்குத் தண்ணீர் நிற்கும். இரண்டு நாள் மூழ்கினாலும் நாற்று தாங்கும். அதே இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி மனை போட்டால், அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகிறது.

இங்கேதான் எனக்கு மனக்கஷ்டம். அம்பைக் காற்றுக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் வீடு கட்ட இடம் கேட்கிறார்கள். இடம் எது? கால்வாய்க் கரையோர நஞ்சை. நெல்லில் என்ன கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன சம்சாரி விற்றுவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக் கல்யாணமும் படிப்பும் அவருக்கும் உண்டு. வயல் போனால் மடை போகிறது. மடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வயலுக்குத் தண்ணீர் போக வழி இல்லை. அதுவும் விலைக்கு வருகிறது. மிஞ்சிய வாய்க்காலில் புது வீடுகளின் சாக்கடையைத் திருப்பி விடுகிறார்கள். எந்தக் காற்றைத் தேடி வந்தார்களோ அதை உண்டாக்குகிற பானையை உடைத்து, அந்த ஓட்டின் மேல் வீடு கட்டுகிறார்கள்.

பாபநாசத்தில் இன்னொரு கொடுமை. பாவம் போக்க, தோஷம் கழிக்க என்று வருகிறவர்கள், குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். யார் சொல்லிக் கொடுத்த சாஸ்திரமோ தெரியவில்லை. பழைய வழக்கத்தில் துணியைத் தானம் கொடுத்திருப்பார்கள். வாங்க ஆளும் இருந்தது. இப்போது நைலான் சேலை பாறையில் சிக்கி வருஷக் கணக்கில் மக்காமல் கிடக்கிறது. தொண்டர்கள் அவ்வப்போது இறங்கி மூட்டை மூட்டையாக எடுக்கிறார்கள். எடுக்க எடுக்க வருகிறது. அந்தத் தண்ணீரைத்தான் கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன.

அடடா, எல்லாமே கெட்டுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மலைக்காடு இன்னும் நன்றாகவே இருக்கிறது. 1988ல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஏற்பட்டது; தமிழ்நாட்டில் முதலாவது. அருவிக்குப் போக வனத்துறையிடம் கட்டணம் கட்டு, நேரத்துக்குள் திரும்பு, சோப்பு போடாதே, பிளாஸ்டிக் கொண்டு வராதே என்றெல்லாம் கெடுபிடி இருக்கிறது என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். இருக்கட்டும். கோடையிலும் ஆற்றில் தண்ணீர் சொட்டுவது அந்தச் சோலைக்காடு பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான். அந்தக் கெடுபிடிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

அம்பைக்குச் சற்றுக் கிழக்கே, கடனாநதி வந்து சேருகிற இடத்தில் திருப்புடைமருதூர் என்று ஒரு கிராமம். நாறும்பூநாதர் கோயில், ராஜகோபுரத்துக்குள்ளே நிலை நிலையாகப் பழைய ஓவியங்கள். அங்கே ஊருக்கு நடுவிலேயே மருத மரத்திலும் இலுப்பை மரத்திலும் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன. எச்சம் வாசலில் விழும், மீன் நாற்றம் அடிக்கும். ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. கிளையை வெட்டுவதும் இல்லை. 2005ல் அரசு அந்த ஊரைப் பறவைகள் காப்புப் பகுதியாக அறிவித்தது. பறவைகள் அங்கே ஏன் வருகின்றன? சுற்றிலும் வயல், குளம், மீன், நண்டு, தவளை. வயலும் குளமும் போனால் மரம் மட்டும் இருந்து பயனில்லை. நாரை வேறு ஊர் பார்த்துப் போய்விடும்.

முன்பெல்லாம் கால்வாய் வெட்டிச் சீர் பண்ணுவது ஊர்ப் பொறுப்பு. குடிமராமத்து என்று பேர். வெள்ளைக்காரன் 1858ல் சட்டமே போட்டான். வேலைக்கு வராதவனுக்கு அபராதம். சட்டத்தால் வந்த வேலை எவ்வளவோ, கட்டுப்பாட்டால் வந்த வேலைதான் அதிகம். 2017ல் தமிழக அரசு அந்தப் பேரிலேயே மறுபடி ஒரு திட்டம் போட்டது. அதில் குறையும் உண்டு, நிறையும் உண்டு. ஆனால் ஒரு காரியம் அந்தக் காலத்தில் இல்லாதது, இந்தக் காலத்தில் சேர்ந்திருக்கிறது. அதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

கோடை அடைப்பில் தூர் வாரும்போது, வாரிய மண்ணைக் கரையிலேயே போடுவது நம் பழக்கம். மண் மட்டும் இருந்த காலத்தில் அது சரி, கரை பலப்படும். இப்போது மண்ணோடு துணி, பாட்டில், பாலிதீன் பை, ஊசி மருந்துக் குப்பி எல்லாம் வருகின்றன. அவற்றைப் பிரித்துத் தனியாகச் சாக்கில் கட்டி, நகராட்சி வண்டியோ பஞ்சாயத்து வண்டியோ வரச் சொல்லி ஏற்றி அனுப்புங்கள். கரையில் விட்டு வைத்தால் ஒரு நல்ல மழை போதும், எல்லாம் மறுபடி உள்ளே. கார் சாகுபடிக்கு அணை திறப்பது வழக்கமாக ஜூன் தொடக்கத்தில். அதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே வேலை முடிந்திருக்க வேண்டும். தலைமடையில் பிரிக்காமல் விட்ட குப்பை, திறந்த நாலாவது நாள் கடைமடைக்காரர் மடைக் கண்ணை அடைத்துக்கொண்டு நிற்கும். நடுராத்திரியில் கழுத்தளவுத் தண்ணீரில் கையை விட்டு எடுக்கப் போகிறவர் அவர்தான்.